முப்பத்தொன்பது அங்குலத்தில் ஒரு கதவு

எங்கள் ஓவியக்கூடத்து அலுவலக அறைக்கு வெளியே ஒரு ஃபோட்டோ தொங்குகிறது. பதினோரு வருஷமாகத் தொங்குகிறது. அதில் நான் மாடிப்படியின் கடைசிப் படியில் நிற்கிறேன். என் இரண்டு கையிலும் ஒரு பெண் கிடக்கிறாள். கீழே பெரிய எழுத்தில் 'மனிதநேயம் இன்னும் சாகவில்லை' என்று போட்டிருக்கிறது. பத்திரிகையில் வந்ததை வெட்டிப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, என்னையே மாட்டச் சொன்னார்கள். நானும் ஆணி அடித்து மாட்டினேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்துப் போகிறார்கள். தட்டின இடம் எரியும். அந்தப் பெண் யார், எதற்கு மேலே வந்தாள், என்ன வரைந்தாள் என்று அதில் ஒரு வரி கிடையாது. தூக்கினவனுக்கு நல்ல பேர், தூக்கப்பட்டவள் வெறும் மூட்டை. கழற்றிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். விடமாட்டேன் என்கிறார்கள். இந்த எரிச்சலைப் பதினோரு வருஷமாகச் சுமக்கிறேன். அவளைத் தூக்கினபோதுகூட இவ்வளவு கனமில்லை.

நான் படித்தது ஏழாவது வரைக்கும்தான். எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தைக் கோணலாக மாட்டமாட்டேன்.

அவளை எல்லோரும் பிளேட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது அவள் பிழைப்பு. நாலு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காலையும் வாங்கிக்கொண்டது. போகிற போக்கில் முதுகெலும்பையும் வளைத்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் கண் தரையிலிருந்து முப்பத்தொன்பது அங்குலம். அளந்திருக்கிறேன், அளப்பதுதானே என் வேலை.

கூடத்தில் கண்காட்சிக்குப் படம் மாட்டுவது நான். இருபத்தாறு வருஷமாக. என்னிடம் ஒரு மரக்கோல் உண்டு. அதில் ஐம்பத்தெட்டு அங்குலத்தில் ஒரு சிவப்புக் கோடு. படம் பெரிதோ சிறிதோ, அதன் நடுப்புள்ளி அந்தக் கோட்டுக்கு வரவேண்டும். தொழிலில் அதற்குக் கண்மட்டம் என்று பெயர். யாருடைய கண் என்று நானும் கேட்டதில்லை, எனக்கு முன்னால் மாட்டினவனும் கேட்டதில்லை.

கட்டடம் ஒரு காலத்தில் நூல் கிடங்கு. கீழே அலுவலகம், மேலே பெரிய கூடம். ஏறுவதற்கு இருபத்திரண்டு படி. வருஷா வருஷம் பத்து நாள் கண்காட்சி நடக்கும். கை கால் வராதவர்கள், காது கேட்காதவர்கள் அனுப்புகிற படங்களுக்கு மட்டும் மேலே இடம் கிடையாது. மாடிப்படிக்கு அடியில், செருப்பு விடுகிற தட்டுக்குப் பக்கத்தில், 'சிறப்புப் பகுதி' என்று ஒரு தகரப் பலகை வைத்து அங்கே மாட்டுவோம். அந்தப் பலகையை எழுதியதும் பிளேட்டக்காதான். கமிட்டி அவளிடமே எழுதக் கொடுத்தது.

"எழுத்து நல்லா வந்திருக்குல்ல?" என்று பின்னாளில் ஒருமுறை என்னிடம் கேட்டாள். "நம்மள ஒதுக்கி வைக்கிற பலகைன்னாலும் கோணலா எழுத மனசு வரல பாத்துக்க."

அந்த ஃபோட்டோ எடுத்த வருஷம் அவள் ஒரு காரியம் செய்தாள். சிறப்புப் பகுதிக்கு அனுப்பாமல் பொதுப் போட்டிக்குப் படத்தை அனுப்பிவிட்டாள். போட்டிப் படங்களில் பேர் இருக்காது, நம்பர்தான். நடுவர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். படம் மேலே வந்தது. நான்தான் மாட்டினேன், சிவப்புக் கோட்டுக்குச் சரியாக.

திறப்பு விழாவுக்கு அவளுடைய அண்ணன், பஸ் மெக்கானிக், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து படிக்கட்டடியில் நிறுத்தினார். எங்கள் தலைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், குரலில் எப்போதும் தேன் வடியும். ஃபோட்டோகிராபரும் கூட நின்றார்.

"என்னப்பா வேடிக்கை? அம்மாவத் தூக்கிட்டு வா."

நான் அவளைக் கேட்கவில்லை. குனிந்தேன், தூக்கினேன். கையில் எடுத்ததும் உடம்பு மரக்கட்டையாக விறைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இருபத்திரண்டாவது படியில் விளக்கு பளிச்சென்று மின்னியது. அதுதான் அந்த ஃபோட்டோ.

மேலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

"எம் படம் எங்க?"

"எதுக்க இருக்குங்க. நேரா."

"டியூப்லைட்தான் தெரியுது."

நான் குனிந்து அவள் கண் இருக்கிற உயரத்துக்கு வந்து பார்த்தேன். உண்மைதான். அங்கிருந்து பார்த்தால் படத்தின் கண்ணாடி முழுக்க டியூப்லைட் வெளிச்சம். அந்தக் கூடத்தில் மாட்டியிருந்த நூற்றுமுப்பது படங்களும் நூற்றுமுப்பது வெள்ளைக் கண்களாக எங்களை முறைத்தன. நான் மாட்டிய கூடம், நான் பார்த்தே இராத கூடம்.

கீழே இறக்கும்போது, "உன் பேரென்ன?" என்றாள்.

"எல்லாரும் ஆணின்னு கூப்பிடுவாங்க."

"ஆணி, அடுத்த தடவ கேட்டுட்டுத் தூக்கு. வேணாம். அடுத்த தடவையே கிடையாது. இனிமே இந்தப் படியில எவன் கையிலயும் ஏற மாட்டேன். நானா ஏறி வர்ற அன்னிக்குத்தான் மேல எம் படத்தப் பாப்பேன்."

இருபத்திரண்டு படியை எப்படித் தானாக ஏறுவாள் என்று நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் பொதுப் போட்டிக்கே அனுப்புவாள். தேர்வாகும். பேர் தெரிந்ததும் தலைவர், "உங்க வசதிக்காகத்தான்மா" என்று படிக்கட்டடிக்கே இறக்கிவிடுவார். பத்து நாளும் அவள் அங்கேயே, சுவரோடு சுவராக, தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். தலைக்கு மேலே ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள்.

ஒருமுறை படம் எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அந்த மாதிரி அறையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னாலும் இல்லை. நாலு அடி உயரம் வரைக்கும் ஒரு வீடு. அதற்கு மேலே வேறொரு வீடு. கீழ்ப்பாதியில் அடுப்பு, தட்டு, டப்பா, தூரிகை, துணி எல்லாம் துடைத்துவைத்த மாதிரி. அவள் கை எட்டுகிற இடம் வரை சுவரில் நல்ல வெளிர்நீலப் பெயின்ட். கை நின்ற இடத்தில் கோடு கிழித்ததுபோல் நீலம் நிற்கிறது. அதற்கு மேலே கறுப்புப் பிடித்த சுவர், திரைத்திரையாக ஒட்டடை. நாலு இருபதில் நின்றுபோன கடிகாரம். என்றோ ஒரு வருஷத்துக் காலண்டர், கடைசி மாதம் கிழிபடாமல். அலமாரியின் மேல்தட்டில் ஒரு மூக்குக்கண்ணாடி கால் விரித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து நின்றதும் என் தலை அந்தப் பழைய வீட்டுக்குள் போய்விட்டது. மூச்சில் தூசி ஏறியது.

"உக்காரு ஆணி. அங்க நிக்காத."

"ஏங்கக்கா மேல இப்பிடி விட்டுட்டீங்க? அண்ணன் உயரமாத்தானே இருக்காரு, சொன்னா துடைச்சுத் தரமாட்டாரா?"

"துடைக்க வந்தான். நான்தான் வேணாம்னுட்டேன். அது எங்கம்மா இருந்த வீடு. அவ வச்சது வச்சபடி இருக்கு. இது நான் இருக்கற வீடு. ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தை கிடையாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ரொம்ப நேரம் மேல பாக்காத. ஆள் இருந்தா கூச்சப்படுவாங்க" என்றாள். சிரித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தரையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் அவள் படங்கள். எல்லாம் அறைகள், நடைபாதைகள், ஆஸ்பத்திரி வரிசைகள். ஆட்கள் உண்டு, தலைதான் கிடையாது. இடுப்பு, கை, பை, முழங்கால், குதிகால். முகம் வரையத் தெரியாது போல என்று எங்கள் கமிட்டியில் பேசுவார்கள். தரையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. தலைகள் இல்லாமல் இல்லை. படத்தின் மேல்விளிம்புக்கு அப்பால், நமக்கு எட்டாத உயரத்தில், நம்மைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டு நிற்கின்றன.

அன்றைக்கு என் கோலை வாங்கி, முப்பத்தொன்பதாவது அங்குலத்தில் நீலத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். "இதும் கண்மட்டந்தான். வச்சுக்க."

மேல் கூடத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஓயாமல் கேட்பாள். சன்னல் எத்தனை, தரை என்ன நிறம், வெயில் எந்தப் பக்கம் விழும். சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வாள். ஒரு கண்காட்சியின்போது படிக்கட்டடியில் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"ஆணி, இந்தச் சுவரு மூச்சு விடுது."

சுவரில் கையை வைத்தேன். "ஒண்ணுமில்லயேக்கா."

"உன் கை எங்க வச்சிருக்க? கீழ வை. என் கணுக்கால்கிட்ட."

குந்தி உட்கார்ந்து வைத்தேன். தரையும் சுவரும் சேருகிற இடத்தில் விரல் நுழைகிற ஒரு வெடிப்பு. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நின்றது. மறுபடி உள்ளே இழுத்தது. எலிப் பொந்து என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த நாள் அந்தப் பக்கம் போகும்போது காலைத் தள்ளி வைத்துத்தான் நடந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் அனுப்பிய படம் எங்கள் மேல் கூடமேதான். ஆறடி அகலம். நடுவர்கள் எடுத்தார்கள், தலைவர் வழக்கம்போல் படிக்கட்டடிக்குச் சீட்டு எழுதினார். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. மேற்குச் சுவரில் ஒரு கதவு வரைந்திருந்தாள். ஃபோன் போட்டேன்.

"அக்கா, எல்லாம் அச்சு அசலா இருக்கு. ஆனா மேற்கால கதவு ஏதுக்கா? அங்க வெறும் சுவருதான்."

"இருக்கு."

"இருபத்திமூணு வருஷமா நான் இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"கீழ மூச்சு விட்டா மேல வாய் இருக்கணும்ல. போய்ப் பாரு."

படத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். பகல் சாப்பாட்டு நேரம். சன்னல்கள் சாத்தியிருந்தன, கூரைக் கண்ணாடி வழியாக மட்டும் வெளிச்சம். படத்தைத் தரையில் சுவரோடு சாய்த்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

படத்தில் இருக்கிற தரை நான் உட்கார்ந்திருக்கிற தரையோடு வந்து ஒட்டிக்கொண்டது. சன்னல்கள் பனைமர உயரத்துக்கு எழும்பி நின்றன. கூடம் நிறையக் கால்கள். எல்லாக் கால்களும் எனக்கு முதுகைக் காட்டிச் சுவர்களைப் பார்த்து நின்றன. மேற்குச் சுவரில் அந்தக் கதவு, ஒரு சாண் திறந்து, உள்ளே இருட்டு. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஜோடிக் கால் மட்டும் என்னைப் பார்த்து நின்றது. இடது செருப்பில் வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது. தொடையோரம் ஒரு சுத்தியல் தொங்கியது.

என் காலைப் பார்த்தேன். இடது செருப்பு. கம்பி.

நான் அந்தக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். 'அந்த மூலைய அடைச்சிடுப்பா, மாட்டச் சுவர் பத்தல' என்று யாரோ சொன்னார்கள். பிளைவுட் அடித்து, பட்டி பார்த்து, வெள்ளை பூசினேன். ஒரு நாள் வேலை. அன்றோடு மறந்தும்விட்டேன். நான் மறந்ததை அவளிடம் சொல்லியிருக்க வழியே இல்லை.

மேற்குச் சுவரைத் தட்டினேன். உடுக்கை மாதிரி சத்தம். உளியை விட்டு நெம்பினேன். பலகை விலகியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. பலகையின் பின்பக்கம் பென்சிலில் '58' என்று என் கையெழுத்து. உள்ளே இரும்பு மடக்குக் கதவு. அதற்குப் பின்னால் கிடங்குக் காலத்துச் சரக்கு லிஃப்ட், ஒரு ஆள் நாற்காலியோடு தாராளமாக நிற்கிற அகலம். தரையில் விரற்கடை தூசி. தூசியில் இரண்டு கோடுகள், பக்கம் பக்கமாக, சக்கரத் தடம். உள்ளே போன தடம்தான் இருந்தது, வெளியே வந்த தடம் இல்லை. அந்தக் காலத்து மூட்டை வண்டியாக இருக்கலாம். மூட்டை வண்டிதான் என்று நானே எனக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

நேரே தலைவரிடம் போனேன்.

"அதா? தெரியும்பா," என்றார், ஃபைலிலிருந்து கண் எடுக்காமல். "அதத் திறந்தா பன்னெண்டு படம் மாட்டற சுவர் போயிடும். ஒருத்தருக்காக ஒரு சுவரையே விட முடியுமா? அதான் நீ இருக்கியே, தூக்கறதுக்கு. எவ்வளவு நல்ல பேர் வாங்கிக் குடுத்த நமக்கு!"

எனக்குப் பதில் பேச வராது. கை பேசும். "சரிங்க" என்று வந்துவிட்டேன். அக்காவிடம் போய், "நாளன்னிக்குத் திறப்பு விழாவுல நீங்க கீழ அந்த வெடிப்புக்கிட்டயே இருங்க" என்றேன்.

"என்ன பண்ணப் போற?"

"மாட்டப் போறேன்."

மாட்டுகிற இரண்டு நாளும் கமிட்டிக்காரர்கள் மேலே வரமாட்டார்கள், தூசி ஒத்துக்கொள்ளாது. நூற்றுமுப்பது படத்தையும் நீலக்கோட்டுக்கு மாட்டினேன். ஒன்று விடாமல். அக்காவின் படத்தை மேற்குச் சுவரில், பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். பலகையைத் திரும்ப வைத்து இரண்டே ஆணியில் நிறுத்தியிருந்தேன்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. மேலே வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஐம்பத்தெட்டு அங்குலத்தில் வெள்ளைச் சுவர். படமெல்லாம் இடுப்புக்குக் கீழே.

"டேய் ஆணி, குடிச்சிருக்கியா?" தலைவர் குரலில் அன்றைக்குத் தேன் இல்லை.

"குனிஞ்சு பாருங்க. தெரியும்."

சிறப்பு விருந்தாளி பெரிய உடம்புக்காரர். இரண்டு படம் குனிந்து பார்த்தார். மூன்றாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. "அட போங்கய்யா" என்று அக்காவின் படத்துக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு அம்மாள் திரும்பித் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். தலைவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

விருந்தாளி மெதுவாகக் கேட்டார். "இந்தக் கதவு எங்கய்யா இருக்கு?"

நான் பலகையைப் பிடித்து இழுத்தேன். காற்று உள்ளே வந்தது. நூற்றுமுப்பது சட்டங்களும் சுவரில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டன, யாரோ வீடு முழுக்கக் கதவு தட்டுகிற மாதிரி. அந்த இருட்டுக்குள்ளிருந்து, வெகு கீழேயிருந்து, ஒரு பெண்குரல் ஏறி வந்தது.

"ஆணி... திறந்துட்டியா?"

விருந்தாளி தலைவரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"திறந்தாச்சுக்கா."

"அப்ப நான் வரலாமா?"

தலைவர் கொஞ்ச நேரம் அந்த இருட்டைப் பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

அவ்வளவு பேர் காதில் விழுந்த பிறகு அதை மறுபடி அடைக்க எவனாலும் முடியவில்லை. கீழே வெடிப்பு விட்ட சுவரையும் உடைத்து லிஃப்டைச் சரிசெய்யப் பதினாலு மாதம் ஆனது. அந்தத் தகரப் பலகை அதற்கு முன்பே போய்விட்டது. அக்கா வாங்கிக்கொண்டு போய்ப் பெயின்ட் குழைக்க வைத்துக்கொண்டாள்.

வெள்ளோட்டத்துக்கு வந்தாள். அண்ணனை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்து, "நீ படியில போ. நான் தனியா வர்றேன்" என்றாள். உள்ளே பார்த்துவிட்டு, "இந்தப் பட்டன எவன்யா வச்சது, சிவப்புக் கோட்டுலயா?" என்றாள். தூரிகைக் காம்பால் எட்டி அமுக்கினாள். மடக்குக் கதவு சாத்தியது. (அந்தப் பட்டனை மறுவாரமே இறக்கவைத்தேன்.)

இருபத்திரண்டு படியையும் ஏறிப் போய் மேலே நின்றேன். இரும்பு முனகியது. கம்பி அதிர்ந்தது. நடுவில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. எனக்கு அந்தத் தூசித் தடம் ஞாபகம் வந்தது, உள்ளே மட்டும் போன தடம். அப்புறம் கதவு திறந்தது. இரண்டு சக்கரமும் வெளியே வந்தன. துடைத்துவிட்ட ஈரத் தரையில் பக்கம் பக்கமாக இரண்டு கோடு.

அவள் படம் முப்பத்தொன்பதில் இருந்தது. எதிரே போய் நின்றாள். வெளிச்சம் அடிக்கவில்லை. நெடுநேரம் பார்த்தாள். நான் தள்ளி நின்றேன். கடைசியில், "கதவு ரெண்டங்குலம் அகலம் கூடிப்போச்சு" என்றாள்.

"என் செருப்புக் கம்பி எப்பிடிக்கா தெரிஞ்சுது?"

"அது தினம் என் கண்ணு முன்னாடி நடக்குதே."

"சரி. அந்தக் கதவுக்கு முன்னாடி என்ன எதுக்கு நிறுத்துனீங்க?"

"தெரியல. வரையும்போது நீ அங்கதான் நின்ன."

அதற்கப்புறம் இரண்டு கண்காட்சிக்கு வந்தாள், தினமும், தானாக. முதுகு வளைய வளைய நுரையீரலுக்கு இடம் பத்தாமல் போனது. போன மழைக்காலத்தில் அண்ணன் ஃபோன் செய்து வரச்சொன்னார். போனேன். அதே அறை. மேலே நாலு இருபது, கிழிபடாத காலண்டர், மூக்குக்கண்ணாடி. கீழே நீலச் சுவரோரம் தாழ்ந்த கட்டிலில் அவள். நான் நிமிரவில்லை, தவழாத குறையாக உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"ஆணி, ஒரு வேலை இருக்கு."

"சொல்லுங்கக்கா. எத்தன அங்குலம்?"

சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. அது அடங்க நேரமானது. பிறகு துண்டு துண்டாகப் பேசினாள்.

"நான் போனதும் நாலு பேர் வருவானுங்க, தூக்கறதுக்கு. எவனும் கேக்கமாட்டான். பொணத்துக்கிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு நினைப்பான். அவனுங்களுக்கு முன்னாடி நீ வா. என் காதுகிட்ட குனி. 'அக்கா, தூக்கட்டுமா'ன்னு கேளு."

"சரிக்கா."

"கேட்டதும் தூக்கிடாத. நான் பதில் சொல்றதுக்கு நேரம் குடு."